ஆர்.சி.யோடு விற்கலாம் என்று எழுதினேன்

எங்கள் சர்வேயர் சங்கத்தில் வருடத்துக்கு ஒருமுறை ஓய்வுபெற்றவர்களைக் கூப்பிட்டுச் சால்வை போர்த்துவார்கள். போன முறை எனக்கும் போர்த்தினார்கள். என்னை அறிமுகப்படுத்திய இளைஞர் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "அந்தோணி சார் ஒரே ஒரு ஃபைலை எடுத்துப் போட்டு ஒரு டீலரைக் கவிழ்த்தவர்" என்றார். கை தட்டினார்கள். நானும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு உட்கார்ந்துகொண்டேன். சாப்பாட்டின்போது இரண்டு பேர் என் இலைக்கு எதிரே வந்து நின்று, "சார், அந்தக் கேஸ எழுதிக் குடுங்க, சங்கத்து ஆண்டு மலர்ல போடலாம்" என்று கேட்டார்கள். வாயில் பாயசம் இருந்ததால் தலையை ஆட்டிவிட்டேன். அவர்கள் கேட்டது வீரக்கதை. நடந்தது அதுவல்ல. இதைப் படித்துவிட்டு மலரில் போடுவார்களா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

சர்வேயர் என்றால் நிலம் அளப்பவன் என்று என் மாமனாரே கடைசிவரை நினைத்திருந்தார். நான் அளந்தது அடிபட்ட வண்டிகளை. வண்டி மோதி நொறுங்கினால் இன்சூரன்ஸ் கம்பெனி உடனே பணம் கொடுத்துவிடாது. என்னைப் போல ஒருவனை அனுப்பும். என்ன உடைந்தது, எது இந்த விபத்தில் உடைந்தது, எது ஏற்கெனவே உடைந்து கிடந்தது, ரிப்பேர் செய்வதா, முழு நஷ்டம் என்று தள்ளுவதா என்று நான் எழுத வேண்டும். டிப்ளமா முடித்தேன். பஸ் பாடி கட்டும் ஷெட்டில் மூன்று வருடம் வெல்டிங் புகையில் கண்ணைக் கெடுத்துக்கொண்டேன். பிறகு ராமச்சந்திர ராவிடம் வேலைக்குச் சேர்ந்தேன். அதற்கு முந்தைய கதையில் ஒரு சுவாரசியமும் இல்லை.

ராவ் சாரின் ஆபீஸ் பெங்களூர் சிட்டி ரயில்வே ஸ்டேஷன் பக்கம் ஒரு ஹோட்டலுக்கு மாடியில் இருந்தது. ஒக்கலிபுரத்தில் என் வீட்டிலிருந்து நடந்தே போய்விடுவேன். மனிதர் ஒல்லி. எந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டை, மணிக்கட்டுவரை பட்டன். ரிப்போர்ட்டை ஒருபோதும் உட்கார்ந்து படிக்க மாட்டார். ஜன்னல் ஓரமாக நின்று, சிவப்புப் பென்சிலைக் காதுக்கு மேல் செருகிக்கொண்டு படிப்பார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. "இருக்கலாம்", "என்று தெரிகிறது", "உரிமையாளர் சொன்னபடி" என்று எங்காவது எழுதியிருந்தால் போதும், அந்த வரியில் சிவப்புக் கோடு விழும். பிறகு தாளைத் திருப்பிக் கொடுத்து, கன்னடத்தில் ஒரே கேள்வி கேட்பார்: "கை ஹாக்கித்யா?" கை வைத்துப் பார்த்தாயா என்று அர்த்தம். வைக்கவில்லை என்றால் மறுபடி போக வேண்டியதுதான். மாகடிக்கு ஒரே வாரத்தில் மூன்று தடவை பஸ் ஏறியிருக்கிறேன், ஒரு லாரியின் பின் அச்சைத் தொட்டுப் பார்ப்பதற்காக.

கை வைக்கும் வேலையில் முதல் வேலை சேஸிஸ் நம்பர். ஒவ்வொரு வண்டியின் இரும்பிலும் அதன் நம்பர் குத்தப்பட்டிருக்கும். அந்த இடத்தைப் பெயின்ட் தின்னரால் துடைத்து, மெல்லிய தாளை மேலே வைத்து, பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்தால் நம்பர் அப்படியே தாளில் எழும்பி வரும். பென்சில் பிரிண்ட் என்போம். இதை இரண்டு எடுக்க வேண்டும் என்பது ராவ் சாரின் சட்டம். ஒன்று ஃபைலுக்கு, ஒன்று அவரவர் சொந்த நோட்டுக்கு. மெக்கானிக் எடுத்து வைத்திருக்கும் பிரிண்டை வாங்கிக்கொண்டு வரக்கூடாது. தேய்த்து முடித்ததும் விரலால் ஒருமுறை தடவிப் பார்க்க வேண்டும். நம்பரை மாற்றிக் குத்தியிருந்தால் கண் ஏமாந்துவிடும், விரல் ஏமாறாது என்பார். இதெல்லாம் எனக்குப் பெருமையாக இருந்தது. எங்கள் ஆபீஸ் மாதிரி சுத்தமான ஆபீஸ் பெங்களூரிலேயே இல்லை என்று வீட்டில் பீற்றிக்கொள்வேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒருநாள் மைசூர் ரோட்டில் ஒரு ஷெட்டுக்குப் போனேன். ஒரு பேங்க் அதிகாரியின் வெள்ளை வேன். சிக்னலில் நின்றிருந்தபோது பின்னாலிருந்து மணல் லாரி ஏறிவிட்டது. அவர் மட்டும்தான் உள்ளே இருந்திருக்கிறார், கழுத்தில் பட்டை போட்டுக்கொண்டு தப்பித்துவிட்டார். வண்டியின் பின்பாதி சப்பாத்தி மாவு மாதிரி மடிந்து நடு சீட்டுவரை வந்திருந்தது. முன்பாதியில் கண்ணாடிகூடக் கீறவில்லை, டாஷ்போர்டில் மாதா படம் ஒட்டியது ஒட்டியபடி இருந்தது. முன் சீட்டைத் தூக்கிப் பிரிண்ட் எடுத்தேன், இரண்டு. விரலால் தடவினேன். நம்பரில் ஒரு நான்கு இருந்தது. அதன் கால் சரியாகக் குத்தப்படாமல், மேல்பாதி மட்டும் ஆழமாக இருந்தது. ஃபேக்டரியில் அன்றைக்குக் குத்தியவருக்குக் கைவலி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ரிப்பேருக்கு வழியே இல்லை, முழு நஷ்டம். அப்படி எழுதும்போது கடைசியில் இரண்டு வரி வரும். நொறுங்கிய வண்டியை ஆர்.சி. என்கிற பதிவுப் புத்தகத்தோடு விற்றால் என்ன விலை போகும், ஆர்.சி. இல்லாமல் விற்றால் என்ன போகும். ஆர்.சி. இல்லாமல் என்றால் புத்தகத்தை ஆர்.டி.ஓ.வில் ஒப்படைத்து ரத்து செய்துவிட வேண்டும். வண்டி காயலான் கடையில் துண்டாகும். ஆர்.சி.யோடு என்றால் வண்டியை மறுபடி ரோட்டில் விடலாம், விலை கூடுதல். விலை கூடினால் கம்பெனி கையிலிருந்து போவது குறையும், அடுத்த வேலையும் நமக்கே வரும். எல்லாரும் அப்படித்தான் எழுதினார்கள். நானும் "ஆர்.சி.யோடு விற்கலாம்" என்று சிபாரிசு எழுதினேன். ராவ் சார் ஜன்னல் ஓரம் நின்று படித்தார். இரண்டு இடத்தில் சிவப்புக் கோடு போட்டார், அந்த வரியில் போடவில்லை. கீழே கையெழுத்திட்டார்.

வாங்கக் கேட்டு மூன்று பேர் விலை எழுதிக் கொடுத்திருந்தார்கள். அதிகம் கேட்டவர் ஜெயராமன். பழைய வண்டி வாங்கி விற்பவர், எங்கள் ஆபீஸ் படியில் அடிக்கடி பார்க்கிற முகம். பேங்க் அதிகாரி விற்பனை ஃபாரங்களில் வாங்குபவர் பெயரை எழுதாமலே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அதுவும் அந்தக் காலத்து வழக்கம்தான். ஃபைலை மூடினேன், மறந்தேன்.

ஏழெட்டு வருடம் போயிற்று. எலெக்ட்ரானிக் சிட்டியில் புதுப்புதுக் கட்டடங்கள் எழும்பின. அங்கே வேலை செய்கிற பிள்ளைகளை வீட்டு வாசலில் ஏற்றி, வீட்டு வாசலில் இறக்க வேன்கள் தேவைப்பட்டன. கையில் நாலு காசு வைத்திருந்தவன் எல்லாம் பழைய வேன் தேடினான். அந்தச் சமயத்தில் நுகர்வோர் மன்றத்திலிருந்து எங்கள் ஆபீசுக்கு ஒரு கடிதம் வந்தது. பழைய வேன் ஒன்று பழுதானது என்று புகார், வண்டியைப் பரிசோதித்து அதன் நிலையைச் சொல்ல வேண்டும். ராவ் சார் கடிதத்தை நின்றபடியே படித்துவிட்டு என்னிடம் கொடுத்தார்.

புகார் கொடுத்தவர் லோகநாயகி, ஸ்ரீராமபுரத்துக்காரர். கணவர் தனபால் மில்லில் இருந்தவர். மில்லை மூடியதும் கைக்கு வந்த செட்டில்மென்டையும், லோகநாயகி எடுத்த சீட்டையும் போட்டு வேன் வாங்கியிருந்தார்கள். வண்டி மனைவி பேரில், ஓட்டுவது கணவர். பெரிய பெண் காலேஜில், சின்னவள் பள்ளியில். அந்த வேன் ஓடினால்தான் அந்த வீட்டில் அடுப்பு எரியும் என்ற நிலைமை. விற்றவர் பெயரைப் பார்த்தேன். ஜெயராமன். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஊரில் பாதி வேன் அவர் கைவழியாகப் போனதுதான்.

பரிசோதனைக்குப் பள்ளம் வெட்டிய ஒரு ஷெட்டில் வேனை நிறுத்தச் சொல்லியிருந்தேன். நான் போய் இறங்கியதும் ஜெயராமன் முகம் மலர்ந்துவிட்டது. தன் ஆள் ஒருவனிடம், "நம்ம அந்தோணி சார்தான் வந்திருக்காரு. ஆயித்து பிடு, முடிஞ்ச மாதிரிதான், பயமில்ல" என்றார். அந்த 'நம்ம' அன்று எனக்கு உறைக்கவில்லை.

தனபால் அழுக்குத் துண்டால் வேனின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். ஓடாத வண்டியை எதற்குத் துடைக்கிறார் என்று எனக்கு எரிச்சலாக வந்தது. என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"வாங்கினதுலேர்ந்தே லெஃப்ட்ல இழுத்துக்கினே இருந்துச்சி சார். மூணு வாரத்துல டயரு மொட்டை. இவர்கிட்ட வந்து சொன்னா, அலைன்மென்ட் பாருன்னாரு. பாத்தேன். மழ பெஞ்சா கதவு மூட மாட்டேங்குது. அதுக்கும் வந்தேன். பழைய வண்டின்னா அப்படித்தான்னாரு. அப்புறம் ஓசூர் ரோட்ல அன்னிக்கி…"

பக்கத்தில் நின்றிருந்த லோகநாயகிதான் மீதியைச் சொன்னார். "பின்னால ஒரு பொண்ணு, 'அண்ணா நில்சி, நில்சி'ன்னு வண்டிய நிறுத்தச் சொல்லிக் கத்திச்சாம் சார். இவரு திரும்பிப் பாத்தா அது ரெண்டு காலையும் சீட்டு மேல தூக்கி வெச்சிக்கினு அழுவுது. தரை பிளந்துகிச்சி. கால் வெச்ச எடத்துல ரோடு ஓடுது சார். ரோடு! எட்டு புள்ளைங்க உள்ள. ஒரு புள்ளைக்கு ஏதாவது ஆயிருந்தா நாங்க என்ன பண்ணியிருப்போம்? மறுநாளே கம்பெனில வேணாம்னுட்டாங்க."

"யூஸ்டு வண்டிம்மா," என்றார் ஜெயராமன். "ஸ்வல்ப அப்படி இப்படித்தான் இருக்கும். பாத்துதானே எடுத்தீங்க? கையெழுத்து போட்டிருக்கீங்கல்ல?"

நான் வழக்கம்போல நம்பரிலிருந்து ஆரம்பித்தேன். முன் சீட்டைத் தூக்கினேன், துடைத்தேன், தாளை வைத்துத் தேய்த்தேன், இரண்டு. விரலால் தடவினேன். ஒரு இடத்தில் விரல் நின்றது. பேர் தெரியாத, ஆனால் எங்கேயோ பழகிய முகத்தைத் தெருவில் பார்த்தால் ஒரு அரிப்பு இருக்குமே, அப்படி. என்னவென்று பிடிபடவில்லை. நம்பர் ஆர்.சி.யில் இருப்பதுதான், மாற்றிக் குத்தியதும் இல்லை. மேலே போனேன்.

கைக்குட்டையில் சுற்றிய காந்தத்தைப் பக்கவாட்டுத் தகட்டில் நகர்த்தினேன். முன்கதவில் ஒட்டியது. நடுவில் விழுந்துவிட்டது. அங்கே தகடு இல்லை, விரல் கனத்துக்குப் பட்டி பூசியிருந்தார்கள். உள்ளே தரை விரிப்பைக் கிழித்தேன். கறுப்புத் தார் மாதிரி ஒன்றைத் தடவி மறைத்திருந்தார்கள். அதைச் சுரண்டச் சுரண்ட, இந்தக் கதவிலிருந்து அந்தக் கதவுவரை தரைக்குக் குறுக்கே ஒரு வெல்டிங் தழும்பு. கால்வாசி இடத்தில் அதுவும் விட்டுப்போய் வாய் பிளந்திருந்தது. பள்ளத்தில் இறங்கி டார்ச் அடித்துப் பார்த்தேன். தழும்புக்கு முன்னால் உள்பூச்சு வெள்ளை. பின்னால் வெள்ளையைச் சுரண்டினால் நீலம். இது ஒரு வேன் இல்லை. ஒரு வேனின் முன்பாதி, இன்னொரு வேனின் பின்பாதி.

பள்ளத்தில் நின்றபடி அந்தத் தழும்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். நடு சீட்டுக்கு முன்னால் வெட்டு. நடு சீட்டுவரை மடிந்த ஒரு வண்டி. மாதா படம். கால் சரியாக விழாத நான்கு. என் கையிலிருந்து டார்ச் விழுந்து, கண்ணாடி உடைந்தது. மேலேயிருந்து தனபால், "சார், என்ன சார்?" என்று குனிந்தார். மேலே ஏறினேன். கறை படிந்த தண்ணீர்த் தொட்டியில் முகத்தைக் கழுவிவிட்டு, நேராக ஆபீசுக்குக் கிளம்பிவிட்டேன்.

ஆபீசில் என் பழைய நோட்டுகள் அலமாரியின் மேல்தட்டில் இருந்தன. மூன்றாவது நோட்டில் கிடைத்தது. அந்தத் தாளையும் அன்று எடுத்த தாளையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஜன்னல் கண்ணாடியில் வைத்துப் பிடித்தேன். வெளிச்சத்தில் எழுத்துக்கு எழுத்து பொருந்தியது. அந்த நான்கின் பாதிக்கால்கூட அதே இடத்தில் நின்றது. தப்பாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேதான் பார்த்தேன்.

ராவ் சார் பின்னால் வந்து நின்றது தெரியாது. அவர் கன்னடத்தில்தான் பேசுவார், நான் தமிழில் எழுதுகிறேன். "என்ன அது?" என்றார். சொன்னேன். பழைய ஃபைலை எடுத்துக் கொடுத்தேன். நின்றுகொண்டே கடைசிப் பக்கம்வரை படித்தார். ஜெயராமனின் விலைக் கடிதம், அவர் வண்டியை எடுத்துக்கொண்டதற்கான கையெழுத்து, என் சிபாரிசு, தன் கையெழுத்து. பிறகு, அதுவரை நான் அவரிடம் பார்க்காத ஒன்றைச் செய்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"மன்றம் என்ன கேட்டிருக்கு?"

"வண்டியோட நிலைமை சார்."

"இன்னைக்கு நீ பாத்தத எழுது. ரெண்டு பாதி, வெல்டிங், பட்டி. எல்லாத்தையும் எழுது. அது முன்னால எங்க இருந்துச்சின்னு யாரும் கேக்கல."

"சார், வண்டி நொறுங்கினது ஜெயராமனுக்கு முன்னாடியே தெரியும். இந்த ஃபைல்ல மட்டும்தான் அவர் கையெழுத்து இருக்கு. வேற எந்தப் பேப்பர்லயும் அவர் பேரே இல்ல."

"நம்ம கையெழுத்தும் அதுலதான் இருக்கு," என்றார். காதிலிருந்த சிவப்புப் பென்சிலை எடுத்து மேஜையில் வைத்தார். "விட்டுடப்பா, அந்தோணி. கேட்டதுக்கு மட்டும் பதில்."

பார்த்ததை மட்டும் எழுது என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் அவர். அதே சட்டத்தைப் பிடித்துக்கொண்டே அதன் பின்னால் ஒளிந்துகொண்டார். அன்று வேனைப் பார்த்து அதிர்ந்ததைவிட அவரைப் பார்த்துத்தான் அதிகம் அதிர்ந்தேன். இதில் எனக்கும் ஒரு நிம்மதி இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். மேலதிகாரி வேண்டாம் என்று சொல்லிவிட்டார், என் பொறுப்பு தீர்ந்தது. அவர் சொன்னபடியே, வண்டியின் நிலையை மட்டும் நாலு பக்கம் எழுதிக் கொடுத்தேன்.

வழக்கு நடந்தது. லோகநாயகி வக்கீல் வைக்கவில்லை, மன்றத்தில் தானே பேசலாம் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். ஜெயராமனின் வக்கீல் மூன்று தடுப்புக் கட்டினார். முதலாவது, தன் கட்சிக்காரர் வெறும் புரோக்கர், ஆர்.சி. பேங்க் அதிகாரி பெயரிலிருந்து நேராக இந்த அம்மா பெயருக்கு மாறியிருக்கிறது. இரண்டாவது, 'இருக்கிற நிலையில் பார்த்து எடுத்துக்கொண்டேன்' என்று இந்த அம்மா கையெழுத்துப் போட்டிருக்கிறார். மூன்றாவது, வேன் வாங்கியது வியாபாரத்துக்கு, ஆகவே இவர் நுகர்வோரே இல்லை, இந்த மன்றத்துக்கே வரக்கூடாது.

மூன்றாவது தடுப்பில்தான் நிறையப் பேர் விழுவார்கள். லாபத்துக்காகப் பெரிய அளவில் தொழில் நடத்துகிறவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்பது சட்டம். ஆனால் தானே உழைத்துத் தன் பிழைப்புக்காக வாங்கியிருந்தால் அவர் நுகர்வோர்தான் என்று அதிலேயே ஒரு விளக்கமும் சேர்த்திருந்தார்கள். வக்கீல் அதற்கும் வழி வைத்திருந்தார். "வண்டி உங்க பேர்ல. உங்களுக்கு ஓட்டத் தெரியாது. அப்ப டிரைவர் வெச்சித் தொழில் பண்றீங்க, சரிதானே?"

லோகநாயகி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "டிரைவரு என் வீட்டுக்காரரு சாமி. நான் அவருக்குச் சம்பளம் குடுக்கறதில்ல, சோறு போடறேன். காலைல வண்டி கழுவறது நானு. எந்தப் புள்ளைய எங்க ஏத்தணும், எந்தப் புள்ள லீவுன்னு போன் பூத்துல நின்னு கேட்டு எழுதறது நானு. இத வியாபாரம்னு சொன்னா எனக்குச் சந்தோஷந்தான், ஆனா அப்படி இல்லியே."

மன்றத்துத் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி சிரித்துவிட்டார். மூன்றாவது தடுப்பு அங்கேயே ஆட்டம் கண்டது. இரண்டாவதும் நிற்காது என்று எனக்குத் தெரியும். பார்த்தால் தெரிகிற பழுதுக்குத்தான் அந்த வரி செல்லும், தாரும் பட்டியும் பூசி மறைத்ததற்குச் செல்லாது. ஆனால் மறைத்தது யார்? அதை அந்த அம்மாவால் காட்டவே முடியாது. ஜெயராமன் பெயர் எந்தக் காகிதத்திலும் இல்லை. முதல் தடுப்பு மலை மாதிரி நின்றது.

என் ரிப்போர்ட்டைப் பற்றிக் குறுக்கு விசாரணை செய்ய என்னைக் கூப்பிட்டார்கள். அன்று காலை பழைய ஃபைலை என் பையில் வைத்துக்கொண்டேன். ராவ் சாரிடம் கேட்கவில்லை. எடுத்துக் காட்டுவேன் என்று முடிவு செய்திருந்தேனா என்றால், இல்லை. தைரியம் வந்தால் இருக்கட்டும் என்று வைத்துக்கொண்டேன். மன்றத்து வராந்தாவில் தனபால் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். துடைப்பதற்கு வண்டி இல்லாததால் விரல்களால் துண்டின் ஓரத்தைத் திரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். நான் உட்காரச் சொன்ன பிறகும் நின்றார்.

வக்கீல் என்னை நன்றாகவே நடத்தினார். "இரண்டு பாதிகளை ஒட்டியிருக்கிறது என்கிறீர்கள். யார் ஒட்டியது என்று உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"எப்போது ஒட்டியது என்றாவது தெரியுமா? பத்து வருடத்துக்கு முன்பே, முதல் உரிமையாளர் காலத்திலேயே ஒட்டியிருக்கலாம் இல்லையா?"

'இருக்கலாம்' என்ற சொல்லை அவர் சொல்லாமல் இருந்திருந்தால் நான் தெரியாது என்று சொல்லிவிட்டு இறங்கியிருப்பேனோ என்னவோ. வருடக்கணக்காகச் சிவப்புக் கோடு வாங்கிய சொல் அது. "இல்லை," என்றேன். "முதல் உரிமையாளர் காலத்தில் ஒட்டவில்லை. அவருடைய வண்டியின் பின்பாதி நொறுங்கிக் கிடந்ததை நானே பார்த்தேன். கை வைத்துப் பார்த்தேன்."

ஜெயராமன் எழுந்தேவிட்டார். "அந்தோணி சார், என்ன இது!" என்று அவர் கேட்ட குரலில் கோபத்தைவிட, கூட இருந்தவன் காலை வாரிவிட்டானே என்ற திகைப்புத்தான் இருந்தது. தலைவர் என்னை மட்டும் பார்த்து, எப்படிச் சொல்கிறீர்கள் என்றார். இரண்டு பென்சில் பிரிண்டையும் எடுத்துக் கொடுத்தேன். பிறகு ஃபைலைக் கொடுத்தேன். அவர் பக்கங்களைப் புரட்டினார். ஜெயராமனின் கையெழுத்தில் நின்றார். அதற்கு அடுத்த பக்கத்திலும் நின்றார்.

"ஆர்.சி.யோடு விற்கலாம் என்று சிபாரிசு செய்தது யார்?"

"நான்தான் ஐயா."

அவர் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை, எழுதிக்கொண்டார்.

ராவ் சார் என்னைத் திட்டவில்லை, வேலையை விட்டும் அனுப்பவில்லை. அந்த இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து வேலை வருவது நின்றுபோனபோதும் ஒன்றும் சொல்லவில்லை. ரிப்போர்ட்டுகளை ஜன்னல் ஓரம் நின்று படித்துக்கொண்டுதான் இருந்தார். "கை ஹாக்கித்யா?" என்று மட்டும் அதன்பின் என்னிடம் கேட்டதே இல்லை. அந்தக் கேள்விக்காக எத்தனை நாள் காத்து நின்றிருப்பேன்.

தீர்ப்பு லோகநாயகி பக்கம் வந்தது. ஜெயராமன் வண்டியைத் திருப்பி எடுத்துக்கொண்டு முழு விலையையும் வட்டியோடு தர வேண்டும், மன உளைச்சலுக்கும் தனியாகத் தர வேண்டும். இழுத்தடித்தாலும் கடைசியில் தந்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சங்கத்து மலருக்கு வேண்டிய கதை இங்கே முடிகிறது.

தீர்ப்பு நகல் கொடுத்த அன்று நானும் ஃபைலைத் திரும்ப வாங்க மன்றத்துக்குப் போயிருந்தேன். வராந்தாவில் லோகநாயகி நகலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். தனபால் ஜெராக்ஸ் எடுக்கப் போயிருந்தார். "சார், இங்கிலீஷ்ல இருக்குது. கொஞ்சம் படிச்சி சொல்லுங்க சார். நீங்க செஞ்ச உதவிய எம்பொண்ணுங்ககிட்ட சொல்லிக்கினே இருக்கேன்" என்றார்.

பெஞ்சில் உட்கார்ந்து பத்தி பத்தியாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். இவர் நுகர்வோர்தான் என்ற பத்திக்கு அவர் தலையை ஆட்டினார். மறைத்து விற்றது ஜெயராமன்தான் என்ற பத்திக்குக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அடுத்த பத்தியில் நின்றேன். அதைத் தாண்டிக் குதித்து உத்தரவுக்குப் போய்விடலாம். அவருக்குத் தெரியப் போவதில்லை. ஜெராக்ஸ் கடையிலிருந்து தனபால் வருகிறாரா என்று பார்த்தேன். வரவில்லை. படித்தேன். "ரத்து செய்ய வேண்டிய பதிவுப் புத்தகத்தோடு இந்த வண்டியை விற்கலாம் என்று சாட்சியே முன்பு சிபாரிசு செய்திருக்கிறார். அந்தச் சிபாரிசு இல்லையென்றால் இந்த வண்டி மறுபடி சாலைக்கு வந்திருக்க முடியாது."

அவர் கையை நீட்டித் தாளின் மேல் வைத்தார். "அந்த எடத்த இன்னொரு தாட்டி சொல்லுங்க சார்."

இன்னொரு முறை சொன்னேன்.

"சாட்சின்னா யாரு சார்?"

"நான்தாம்மா."

நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். அந்தப் பார்வையில் நன்றி மெல்ல மெல்ல வடிந்துபோவதைக் கண்ணெதிரே பார்த்தேன். "அப்ப, அன்னிக்கே நீங்க வேணாம்னு எழுதியிருந்தா, அத ஒடச்சிப் போட்டிருப்பாங்க. எங்க கைக்கு வந்திருக்காது. அந்தப் பொண்ணு காலுக்குக் கீழ ரோடு ஓடியிருக்காது."

"ஆமாம்மா."

அவர் நகலை என் கையிலிருந்து வாங்கி நாலாக மடித்து ரவிக்கைக்குள் செருகிக்கொண்டார். எழுந்தார். கோபமாகப் பேசியிருந்தால் தாங்கியிருப்பேன். ஒரு கணக்கு விட்டுப்போனதைச் சொல்கிற மாதிரி, சாதாரணமாகத்தான் சொன்னார்.

"அப்படின்னா கேஸ்ல உங்க பேரையும் சேத்திருக்கணும் சார். எங்களுக்குத் தெரியாம பூட்ச்சி."

படியிறங்கிப் போய்விட்டார். நான் அந்த பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன். வீட்டு அலமாரியில் இன்றும் என் நோட்டுகள் பதினொன்று இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் பக்கத்துக்குப் பக்கம் பென்சில் பிரிண்ட். பல பிரிண்டுகளுக்குக் கீழே என் கையெழுத்தில் 'ஆர்.சி.யோடு'. அவை எல்லாம் எந்தெந்த ஊரில், யார் யாரை ஏற்றிக்கொண்டு ஓடினவோ எனக்குத் தெரியாது. அந்த அம்மாவைத் தவிர யாரும் என் பேரைச் சேர்க்க நினைக்கவில்லை.